அதே நோயோடு வாழும் ஒருவரிடம் பேசலாமா?

கேள்வி: "எனக்கு சிஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய் என்று போன மாதம் தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் 'ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு' என்கிறார்கள். கேட்கக் கேட்க இன்னும் தனியாகிப்போனது போல இருக்கிறது. இதே நோய் உள்ள ஒருவரிடம் பேசினால் தேவலை என்று தோன்றுகிறது. பேசினால் பயம் கூடிவிடுமோ என்றும் தயக்கம். பேசலாமா? யாரிடம், எப்படி?"

பேசலாம். பேச வேண்டும் என்றே சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: முதன்முதலில் பேசப்போகிறவருக்கு இருப்பதும் சிஎம்எல்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 'அவருக்கும் ரத்தப் புற்றுநோய்தான்' என்று சொல்லி யாராவது ஒரு நம்பரைக் கையில் கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உடனே கூப்பிட வேண்டாம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சிஎம்எல். பல வருடங்களாக மாத்திரையில் இருக்கிறேன். நோய் புதிதாகத் தெரிந்தவர்களோடு பேசும் பொறுப்பை ஒரு நோயாளிகள் குழுவில் எடுத்துச் செய்துவருகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆகவே மருந்து பற்றி இங்கே எழுதுவதை உங்கள் ரத்தவியல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வகையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், என்ற ஒரு பெயருக்குள் 4 பெரிய நோய்கள் இருக்கின்றன. ஏஎம்எல், ஏஎல்எல் இரண்டும் வேகமானவை. தெரிந்த சில நாட்களுக்குள் வார்டில் சேர்த்துக் கீமோ தொடங்கிவிடுவார்கள். ஏஎம்எல்லுக்கு வழக்கமான முதல் சுற்று என்பது 7 நாள் சைட்டராபின், அதில் 3 நாள் கூடவே இன்னொரு மருந்து. அதன்பின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுன்ட்) ஏறும்வரை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏஎல்எல், அதன் சிகிச்சை 2, 3 வருடம் நீளும். சிஎல்எல் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. பலருக்கு வருடக்கணக்கில் மருந்தே கொடுக்காமல், ரத்தப் பரிசோதனை மட்டும் செய்து கவனித்து வருவார்கள். சிஎம்எல் மெதுவாக வளர்வது. ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்குத் தினசரி மாத்திரையிலேயே கட்டுக்குள் நிற்கிறது.

ஏஎம்எல்லுக்கு மஜ்ஜை மாற்று செய்துகொண்டு, முதல் 100 நாள் தொற்றுக்குப் பயந்து அறைக்குள்ளேயே கழித்த ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னால் அதில் ஒரு வார்த்தை பொய் இருக்காது. ஆனால் நோய் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகாத உங்கள் காதில் அது விழும்போது, உங்களுக்கும் இதுதான் நடக்கப்போகிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். மறுபக்கமும் உண்டு. சிஎம்எல்காரர் ஒருவர் 'மாத்திரை போட்டால் போதும், நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்' என்று ஏஎம்எல் வார்டில் இருப்பவரிடம் சொன்னால், அவருக்கு அது ஆறுதலாக இராது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்க வைத்துவிடும். நாள்பட நாள்பட எல்லா வகைக்காரர்களோடும் பேசலாம், நானும் பேசுகிறேன். முதல் பேச்சு மட்டும் ஒரே வகைக்குள் இருக்கட்டும்.

அதே வகை என்றாலும், அவர் சொல்லும் கதை எந்தக் காலத்துக் கதை என்று பாருங்கள். 1960ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் சிஎம்எல் நோயாளிகளின் அணுக்களில் குட்டையாகிப்போன ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973ல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் உருவாகும் புரதம்தான் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. அதை மட்டும் குறிவைத்து அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001ல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் இருந்தவை இன்டர்ஃபெரான் ஊசியும், பொருத்தமான கொடையாளி கிடைத்தால் மஜ்ஜை மாற்றும். இன்று மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுபவர்களின் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களின் ஆயுள் அளவுக்கே வந்துவிட்டது. ஆகவே 'எங்கள் சொந்தத்தில் ஒருவர் இதே நோயில் சில வருடங்களிலேயே போய்விட்டார்' என்று யாராவது சொன்னால், எந்த வருடம் என்று கேளுங்கள். பதில் 2001க்கு முந்தையதாக இருக்கக்கூடும்.

இனி, இன்னொரு நோயாளியிடம் என்ன கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். நோயைப் பற்றிய அறிவு உங்கள் மருத்துவரிடம் இருக்கிறது. நோயோடு ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பது எங்களிடம் இருக்கிறது. ஒரு பையன் முதல் தடவை என்னிடம் பேசியது நினைவிருக்கிறது. வெகுநேரம் மருந்து, டெஸ்ட், செலவு என்று சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தான். போனை வைக்கப்போகும் நேரத்தில், "அக்கா, காலைல கண்ணைச் சுத்தி இப்படி வீங்கிப்போகுதே, ஆபீஸ்ல கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம். "ஒரு மாத்திரை சாப்பிடுறேன், அதனால நீர் கோத்துக்குது, டாக்டருக்குத் தெரியும்னு சொல்லுவேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, 'அப்புறம் சொல்றேன்'னு எழுந்து போயிடுவேன்" என்றேன். அவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது எனக்குக் கேட்டது. இந்தக் கேள்வியை மருத்துவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், கண் வீக்கத்துக்கான காரணத்தை அவர் விளக்குவார். ஆபீசில் என்ன சொல்வது என்பது அவர் வேலை இல்லை.

இப்படி இன்னும் எத்தனையோ. இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுக்கச் சொல்லித்தான் கொடுப்பார்கள். எந்த வேளைச் சாப்பாடு என்பதை அவரவர் உடம்புதான் சொல்லும். காலையில் குமட்டுகிறது என்று இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், முதல் தடவை பயந்துவிடுவீர்கள். பலருக்கு இது உண்டு என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருக்காது. அடுத்த ஓபியில் சொல்லிவிட்டால் மருத்துவர் அதற்கும் வழி சொல்வார். நிலோட்டினிப் என்ற இன்னொரு சிஎம்எல் மருந்தை எடுப்பவர்களுக்குச் சட்டம் நேர் எதிர்: வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும், சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், எடுத்தபின் 1 மணி நேரம் சாப்பிடக் கூடாது, நாளுக்கு இரண்டு வேளை. இந்த நேரக்கணக்கை வேலை, பயணம், விசேஷ வீடு எல்லாவற்றுக்கும் நடுவே எப்படிச் சமாளிப்பது என்பதை அதைச் செய்துகொண்டிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

சோர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு அது. பார்க்க நன்றாக இருப்பீர்கள், வேலைக்கும் போவீர்கள், ஆகவே வீட்டிலும் ஆபீசிலும் யாரும் நம்ப மாட்டார்கள். சோம்பல் என்று நினைப்பார்கள், சில நாள் நீங்களே அப்படி நினைத்துக்கொள்வீர்கள். 'எனக்கும் இருக்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது அது சோம்பல் இல்லை என்பது உறுதியாகிறது. தினமும் கொஞ்சம் நடப்பது இந்தச் சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளிலும் ஆதரவு இருக்கிறது. அதை நடந்து பார்த்தவர் சொல்லும்போது நாமும் எழுந்து நடக்கிறோம்.

வீட்டார் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்வதைக் கேட்டு அவர்களுக்கு அன்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதை அவர்கள் தங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் முன்னால் நீங்கள் உங்கள் பயத்தை அடக்குகிறீர்கள், உங்கள் முன்னால் அவர்கள் தங்கள் பயத்தை அடக்குகிறார்கள். இரண்டு பக்கமும் நடிப்பதில் களைத்துப்போகிறீர்கள். வெளியாளிடம் அந்தப் பாரம் இல்லை. 'செத்துப்போவேனா?' என்று என்னிடம் நேரடியாகக் கேட்டவர்கள் பலர். அம்மாவிடமோ மனைவியிடமோ அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல்தான் என்னிடம் கேட்டார்கள்.

இதனால் நோய் குறையுமா, ஆயுள் கூடுமா என்று கேட்டால், நேர்மையான பதில் இதுதான். 1989ல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசிவந்ததில் ஆயுள் கூடியதாக ஓர் ஆய்வை வெளியிட்டார். உலகம் முழுக்க அது பேசப்பட்டது. 2001ல் கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே பிறகு மறுபடி செய்து 2007ல் வெளியிட்ட ஆய்விலும் கூடவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில் மன வேதனையும் வலியின் தாக்கமும் குறைந்தன. தொடக்கத்தில் அதிக வேதனையில் இருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. எனக்கு இது போதும். பேச்சு மருந்தாகும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வேதனை குறையும் என்பதை நம்பலாம்.

ரிப்போர்ட் விஷயத்தில் ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். உங்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர் டெஸ்ட் எடுப்பார்கள். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பது அது. பொதுவாக எதிர்பார்ப்பது: 3ஆம் மாதம் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், 6ஆம் மாதம் 1 சதவீதம், 12ஆம் மாதம் 0.1 சதவீதம். ஒருவருக்குப் போன தடவை 0.02, இந்தத் தடவை 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இரண்டரை மடங்கு ஏறிவிட்டது' என்று இரவெல்லாம் தூங்காமல் அழுதுகொண்டு கூப்பிடுவார்கள். இரண்டுமே 0.1க்குக் கீழேதான் இருக்கின்றன. இவ்வளவு சிறிய அளவில் அந்த டெஸ்டே ஒரு தடவைக்கு ஒரு தடவை இந்த அளவு ஏறி இறங்கும். ஒரு எண்ணைப் பார்க்காமல் 4, 5 ரிப்போர்ட்டை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் கொடுக்க வேண்டும், சர்வதேச அளவுகோலில் தரும் லேபாக இருக்க வேண்டும். நான் இதைச் சொன்னபின், 'மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்' என்றே முடிப்பேன். ஆனால் மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை அவர் தூங்க வேண்டுமே, அதற்கு இந்தப் பேச்சு உதவுகிறது.

சரி, நீங்கள் பயப்படும் பக்கத்தைப் பற்றி. குழுக்களில் தீமையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலாவது, மருந்தை ஒப்பிடுவது. 'எனக்கு டசாட்டினிப் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு ஏன் பழைய மாத்திரை?' என்று ஒருவர் கேட்டால் உங்கள் மருத்துவர் மேல் சந்தேகம் வந்துவிடும். டசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் சேரக்கூடும், நிலோட்டினிப்பில் சர்க்கரையும் ரத்தக்குழாய் அடைப்பும் கவலை. ஆகவே ஏற்கெனவே உள்ள நோய்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலருக்கு டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்துவிடும். அதற்கு இமாட்டினிப், டசாட்டினிப், நிலோட்டினிப் மூன்றுமே வேலை செய்யாது, பொனாட்டினிப் போன்ற வேறு மருந்துதான். அடுத்தவர் மருந்தைப் பார்த்து உங்கள் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏன் இந்த மருந்து என்று மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இரண்டாவது, மாத்திரையை நிறுத்துவது. 'நான் நிறுத்திவிட்டேன், நன்றாக இருக்கிறேன்' என்பவரைக் குழுவில் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வருடக்கணக்கில் மருந்து எடுத்து, பிசிஆர் மிகக் கீழே நெடுநாள் நிலைத்து நின்றவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்ப்பது இப்போது உண்டு. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பத் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள். அடிக்கடி டெஸ்ட் எடுத்துக் கண்காணிப்பதால் உடனே மாத்திரையை மறுபடி தொடங்க, அநேகமாக எல்லோருக்கும் கட்டுக்குள் வந்துவிடுகிறது. இதெல்லாம் தொடக்கத்தில் இருக்கும் உங்களுக்கான பேச்சே இல்லை. உங்களுக்கான ஆய்வு வேறு: லண்டனில் செய்து 2010ல் வெளியான ஒன்று. மாத்திரை டப்பாவின் மூடிக்குள், எப்போது திறந்தார்கள் என்று பதிவுசெய்யும் கருவியை வைத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரையை எடுத்தவர்களுக்கு நோய் நன்றாக அடங்கியது, அதற்குக் கீழே போனவர்களில் மிகக் குறைவான பேருக்கே அப்படி அடங்கியது. 90 சதவீதம் என்றால் மாதத்தில் 3 நாள் விடுவது. பெரிய அலட்சியக்காரர்கள் செய்வது இல்லை இது, யாரும் செய்யக்கூடியது.

மூன்றாவது, மூலிகை, சத்துப் பொடி, 'கூடவே இதையும் எடுங்கள்' என்கிறவர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு இந்த மாத்திரைகள் பலவற்றின் அளவைக் கூட்டிவிடும். சாதாரணமாக வாங்கிப் போடும் சில அசிடிட்டி மாத்திரைகள்கூட டசாட்டினிப்பும் நிலோட்டினிப்பும் உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். குழுவில் யாராவது எதையாவது விற்க ஆரம்பித்தால் அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள், விவாதம் செய்ய வேண்டாம்.

நான்காவதைச் சொல்ல மனம் கனக்கிறது. சில வருடங்கள் ஒரு குழுவில் இருந்தால், அதில் ஒருவரை இழப்பீர்கள். எல்லா வகைக்காரர்களும் சேர்ந்த குழு என்றால் ஒருவருக்கு மேலும். அன்றைக்கு உங்களுக்கும் அதே நடக்கும் என்று தோன்றும், கூடவே 'நான் மட்டும் ஏன் இருக்கிறேன்' என்ற குற்ற உணர்ச்சியும் வரும். இரண்டும் எனக்கு வந்திருக்கின்றன. சில வாரங்கள் குழுவைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். அது துரோகம் ஆகாது. நல்ல குழுக்களில் இப்படி ஒதுங்கியிருப்பவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏஎம்எல், ஏஎல்எல் கீமோவில் இருப்பவர்கள் இருந்தால் ஒரு விஷயம். வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் சமயத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.

குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் நீங்கள் இருந்தால், அதை இப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இந்த மாத்திரைகள் கருவில் உள்ள குழந்தைக்கு ஆகாதவை. பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். சிஎம்எல்லோடு பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவ ரீதியான பதில் கிடைத்தபின் அவர்களில் ஒருவரிடம் பேசுவது பெரிய தெம்பு.

எங்கே தேடுவது? முதலில் நீங்கள் போகும் ரத்தவியல் ஓபியிலேயே கேளுங்கள். மருத்துவருக்கு நேரம் இருக்காது. நர்ஸ், சமூகப் பணியாளர், மருந்து உதவித் திட்டத்தைக் கவனிப்பவர், இவர்களுக்குத்தான் யார் யாரோடு பேசத் தயாராக இருக்கிறார் என்று தெரியும். அவர்கள் அந்த நபரிடம் அனுமதி கேட்டு நம்பர் வாங்கித் தருவார்கள். உலகின் பல நாடுகளில் உள்ள நோயாளி அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் சிஎம்எல் அட்வகேட்ஸ் நெட்வொர்க் வழியாகவும் தேடலாம். செப்டம்பர் 22 உலக சிஎம்எல் தினம், முன்னால் சொன்ன 9, 22 குரோமோசோம்களை வைத்துத் தேர்ந்த நாள். அதையொட்டி நடக்கும் கூட்டங்களில் ஒரே இடத்தில் பலரைப் பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் தொடங்காமல் முதலில் ஒருவரோடு தனியாகப் பேசுங்கள். குழுவில் சேர்ந்தாலும் கொஞ்ச நாள் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடும்போது உங்கள் பெயர், நோயாளி எண் இருக்கும் மேல்பகுதியை மறைத்துவிடுங்கள்.

கூப்பிட்டதும் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த வகை, எந்த வருடம் தெரிந்தது, இப்போது என்ன மருந்து. பிறகு உங்களுக்கு என்ன கேட்க வேண்டாமோ அதைச் சொல்லிவிடுங்கள். 'ஆயுள் கணக்கு இப்போது வேண்டாம், மாத்திரையோடு தினசரி எப்படிப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்' என்றால் எங்களில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். பேசி முடித்தபின் மனம் லேசாகாமல் கனத்துப்போனால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை, வேறொருவரைப் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை என்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலுமோ, எங்களைப் போன்றவர்கள் போதாது. உடனே மருத்துவரிடம் சொல்லி மனநல உதவி கேளுங்கள்.

உங்கள் 3ஆம் மாத பிசிஆருக்கு இன்னும் சில வாரம் இருக்கும். அதற்குள் ஒருவரையாவது பிடித்து இரண்டு மூன்று தடவை பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வரும் அன்று, புதிதாக ஒருவரைத் தேடி நோய்க் கதையை முதலிலிருந்து சொல்லும் தெம்பு யாருக்கும் இருக்காது.